காபி டப்பாவில் இரண்டாவது பொட்டலம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பயிற்சிக் கூடத்தின் சாப்பாட்டு ஹாலில் வெஸ்லி டக்கெட் இரண்டாவது தட்டுக் கோழிப் பொரியலில் கை வைத்த நேரத்தில், ட்ரூடி வேகா வந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் கையில் தட்டு இல்லை. முகத்தில் ரத்தமும் இல்லை.

"டீச்சர்," என்றாள், வெஸ்லியின் பக்கத்தில் இருந்த நடீன் ப்ரூவரைப் பார்த்து. "என்னை வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. திங்கக்கிழமை காலையில."

நடீன் ரொட்டியைக் கீழே வைத்தாள். மத்திய போதைத் தடுப்புத் துறையின் புலனாய்வாளராக வேண்டும் என்று வர்ஜீனியாவின் பைன் காட்டுக்கு நடுவே வந்து விழுந்திருந்த அந்த வகுப்பில் அவள்தான் வயதில் மூத்தவள். அதற்கு முன் நெப்ராஸ்காவில் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். பொய் சொல்லும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண் அவளுக்கு. அதனால் வகுப்பு முழுக்க அவளை டீச்சர் என்றே கூப்பிட்டது.

வெஸ்லி வேறு ரகம். ஜார்ஜியா மாநிலத்துப் பையன். பந்து விளையாடி வளர்ந்த உடம்பு, பெரியவர்களைக் கண்டால் 'மேடம்', 'சார்' என்று தானாக வளைகிற முதுகு. பயிற்சிக்கு வந்த நாளிலிருந்து அவன் தலை குழம்பிப் போயிருந்தது. இங்கே எது நிஜம், எது பரீட்சை என்று யாருக்கும் தெரியாது. வழி கேட்டு வந்த கிழவர் பரீட்சை. வண்டி நிறுத்துமிடத்தில் கிடந்த பணப்பை பரீட்சை. பல்வலி என்று போனபோது பல் டாக்டரையே சந்தேகமாகப் பார்த்தவன் அவன்.

"இது டெஸ்ட்டா இருக்கும் ட்ரூடி," என்றான் இப்போதும். "நீ எப்படித் தாங்கறேன்னு பாக்கறாங்க."

"டேய் டக்கெட், உன் வாயை மூடிக்கிட்டுக் கோழியைத் தின்னு. நம்ம புது வாத்தியார் ஃபெரிஸ் சார் மூஞ்சியைப் பாத்தா டெஸ்ட் மாதிரியா இருந்துச்சு? நான் பொட்டலத்தைக் கொண்டு போய் வச்சு எடுத்தேங்கறாரு!"

வெஸ்லியின் கை பாதி வழியில் நின்றது. இந்தத் தொழிலில் எத்தனையோ தப்புக்கு மன்னிப்பு உண்டு. சந்தேக நபரின் வீட்டில் தானே சரக்கை வைத்துத் தானே கண்டுபிடிப்பதற்கு மட்டும் கிடையாது, அது விளையாட்டு ரெய்டாக இருந்தாலும்.

"முதல்லேருந்து சொல்லு," என்றாள் நடீன்.

பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் ஒரு பொய்யான ஊர் இருக்கிறது. காபிக் கடை, பாங்க், மோட்டல் எல்லாம் உண்டு. குடியிருக்க ஆள்தான் கிடையாது. பயிற்சிக்கு வந்தவர்கள் அதைப் பொய்யூர் என்பார்கள். பக்கத்து ஊர் ஜனங்கள் கூலிக்கு வந்து கடத்தல்காரனாகவும் கடத்தல்காரனின் மாமியாராகவும் நடிப்பார்கள். வெள்ளிக்கிழமை காலை மோட்டலின் ஓர் அறையில் இரண்டு ரெய்டுகள் நடந்தன. முதலில் போனது நடீனும் வெஸ்லியும் இருந்த அணி. அவர்கள் அறையையும் அதை ஒட்டிய சின்னச் சமையலறையையும் குடைந்து பார்த்தும் ஒன்றும் சிக்காமல், வெறுங்கையோடு வந்து உண்மையைச் சொல்லிக் குறைந்த மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டார்கள். பிறகு போனது ட்ரூடியின் அணி.

"எங்களுக்கு மழை கொட்டுச்சு," என்றாள் ட்ரூடி. "நனைஞ்ச கோழி மாதிரி உள்ள போனோம். என் ஜாக்கெட்டைப் பிழிஞ்சா ஒரு வாளி தண்ணி வரும். மத்தவங்க படுக்கை ரூமுக்குப் போனாங்க, நான் சமையலறை. டிராயருக்கு அடியில ஒரு பொட்டலம் ஒட்டியிருந்துச்சு, எடுத்தேன். சரி, இன்னும் இருக்கான்னு காபி டப்பாவுக்குள்ள விரலை விட்டுத் துழாவினா, தூளுக்கு அடியில இன்னொண்ணு. மொறுமொறுன்னு காகிதத்துல சுத்தினது. சந்தோஷத்துல கத்தினேன். அதுக்குள்ள மின்னல் சைரன் ஊதிட்டாங்க, எல்லாரும் ஓடினோம்."

"விசில்?"

"விசில் எங்க ஊதினாங்க? சைரன்தான். அந்த அம்மா மட்டும் மோட்டல் வாசல்ல கூரைக்கு அடியில வெறுந்தலையோட உக்காந்திருந்தாங்க, பாவம்."

"எந்த அம்மா?"

"மிசஸ் டால்பர்ட். கடத்தல்காரனோட பெரியம்மாவா நடிக்கறவங்க."

"ஐயோ, அவங்களா!" என்றான் வெஸ்லி. "தங்கமான மனுஷி டீச்சர். நம்ம ரெய்டு முடிஞ்சு விசில் ஊதினதும் மஞ்சள் தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டு, என் கன்னத்தைத் தட்டிட்டுப் போனாங்களே. காபி என்னமா போடறாங்க தெரியுமா!"

நடீன் அவனை ஒரு கணம் பார்த்தாள்.

"அந்தத் தங்கமான மனுஷிதான் என் தலையில கல்லைப் போட்டாங்க," என்றாள் ட்ரூடி. "மழையில ஃபெரிஸ் சார் அவங்ககிட்ட போய் என்ன நடந்துச்சுன்னு கேட்டிருக்காரு. அவங்க சொன்னதை அப்படியே எனக்குப் படிச்சுக் காட்டினாரு. 'என் தங்கச்சி மவன் ரிக்கி ரூம்ல, என் கண்ணு முன்னாலயே, அந்தப் பொண்ணு தன் ஜாக்கெட்டுக்குள்ளேருந்து எடுத்து டப்பாவுல போட்டா ஆபீசர். நாங்க மானமா பிழைக்கற குடும்பம்'னு. சாமான் வைக்கற லூதரைக் கேட்டா, ஒரே ஒரு பொட்டலம்தான் வச்சேங்கறாரு. அப்ப ரெண்டாவது எங்கேருந்து வந்துச்சு? என் ஜாக்கெட்லேருந்து! போன தேடுதல்ல நான் கோட்டை விட்டேன் இல்ல, அதுக்கு ஈடுகட்டினேனாம்."

அவள் குரல் உடைந்தது. நியூ மெக்சிகோவில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தவள் ட்ரூடி. முதலாளி கொல்லைப்புற வாசலில் வலி மாத்திரை விற்பதைக் கண்டு காட்டிக் கொடுத்தவள். அந்தச் சின்ன ஊரில் அதற்குப் பிறகு அவளை வேலைக்கு வைக்க ஒரு கடை கிடையாது. கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"திருடனைப் பிடிச்சுக் குடுத்தவ நான். என்னைத் திருடின்னு அனுப்பினா எந்த மூஞ்சியோட ஊருக்குப் போவேன் டீச்சர்?"

"திங்கக்கிழமைதானே?" என்றாள் நடீன். "நடுவுல ரெண்டு நாள் இருக்கு. முதல்ல சாப்பிடு."

சனிக்கிழமை காலை நடீனும் வெஸ்லியும் லூதரைச் சாமான் கொட்டகையில் பிடித்தார்கள். போலித் துப்பாக்கிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டதுமே அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"எத்தனை தடவை அரைச்ச மாவையே அரைக்கறது? ஒரு ரெய்டுக்கு ஒரு பொட்டலம். ரெய்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னால போவேன், டிராயருக்கு அடியில காலியா இருந்தா ஒண்ணு ஒட்டுவேன், வந்துடுவேன். யார் கண்டுபிடிச்சான், யார் கோட்டை விட்டான், அதெல்லாம் என் வேலை இல்லம்மா. காபி டப்பாவுல நான் கை வச்சதே இல்ல. அது மிசஸ் டால்பர்ட்டோட டப்பா, அவங்களே வாங்கிட்டு வருவாங்க, நாம தொட்டா திட்டுவாங்க."

"ரொம்ப நன்றி," என்றாள் நடீன், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி.

வெளியே வந்ததும் வெஸ்லி தலையைச் சொறிந்தான். "டீச்சர், எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. அவரு ஃபெரிஸ் சார்கிட்ட சொன்னதையேதானே நம்மகிட்டயும் சொன்னாரு?"

"ஆமா. ஃபெரிஸ் சார் பாதிக் காதுலதான் கேட்டிருக்காரு. பாவம், போன வாரம்தானே நம்ம வகுப்புக்கு வந்தாரு. இத்தனை நாளும் நிஜக் கடத்தல்காரங்களோட இருந்த மனுஷன், பொய்யூர் வழக்கம் தெரியாது. வண்டியை எடு."

"எங்க?"

"மிசஸ் டால்பர்ட்டைப் பாக்க."

வழியெல்லாம் வெஸ்லி ஊகித்துக்கொண்டே வந்தான். லூதர் குடித்துவிட்டு இரண்டு ஒட்டியிருப்பார். ட்ரூடியின் அணியில் யாரோ அவளுக்கு வேண்டாதவர். மிசஸ் டால்பர்ட் நிஜமாகவே கடத்தல்காரி. ஒவ்வொன்றுக்கும் நடீன் "இருக்கலாம்" என்றாள். அவள் அந்தக் குரலில் 'இருக்கலாம்' என்றால் 'இல்லை' என்று அர்த்தம் என்பது அவனுக்கு இதற்குள் தெரிந்திருந்தது. தன்னைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டு அவள் மட்டும் விளக்கோடு முன்னே போவதாக அவனுக்குக் கடுப்பாக இருந்தது.

தேவாலயத்து வாசலில் பலகாரக் கடை போட்டிருந்தார்கள். வேர்க்கடலை இனிப்பு அடைகளுக்குப் பின்னால் மிசஸ் டால்பர்ட், தலையில் பூப்போட்ட துணியோடு நின்றிருந்தாள். வெஸ்லியைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தாள்.

"அட, என் ராசா! வா வா. உன்னை மாதிரி மரியாதை தெரிஞ்ச பிள்ளையை வளர்த்த உங்கம்மா கையில முத்தம் குடுக்கணும்!"

"மேடம்," என்றாள் நடீன். "உங்க தங்கச்சி எங்க இருக்காங்க?"

"தங்கச்சியா? எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையேம்மா. நான் ஒத்தைப் புள்ள."

வெஸ்லியின் வாய் திறந்தது. நடீன் அவன் கையில் காசைத் திணித்தாள். "டக்கெட், அந்தக் கோடிக் கடையில எலுமிச்சை ஜூஸ் விக்கறாங்க. மூணு வாங்கிட்டு வா. மெதுவா வா."

அவன் மெதுவாகத்தான் போனான். திரும்பிப் பார்த்தபோது மிசஸ் டால்பர்ட் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஜூஸோடு வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. நடீன் ஒரு முழு அடையை விலைக்கு வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"என்ன சொன்னாங்க?"

"திங்கக்கிழமை வரேன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"டக்கெட், திங்கக்கிழமை நான் ஒரு இடம் வரைக்கும் பேசுவேன். அதுக்கு மேல பேச வேண்டியது நான் இல்ல. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ."

இதுவும் பரீட்சையோ என்று அவனுக்குத் தோன்றியது. ஞாயிறு முழுக்க அதையே யோசித்தான். விடிந்தது, வகுப்பறைக்குப் போனான், இன்னும் ஒன்றும் விளங்கவில்லை.

ஃபெரிஸ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத, மெலிந்த மனிதர். ஒரு பக்கம் ட்ரூடி, பெட்டியைக் கட்டிவிட்டே வந்திருந்தாள். லூதர் சுவரில் சாய்ந்து நின்றார். மிசஸ் டால்பர்ட் எடுப்பான மஞ்சள் தொப்பியைக் காது வரை இழுத்து மாட்டிக்கொண்டு முன் நாற்காலியில் அமர்ந்திருந்தாள்.

"இவங்க ஏன் தொப்பி போட்டிருக்காங்க?" என்றார் ஃபெரிஸ்.

"அதுதான் சார் விஷயமே," என்றாள் நடீன். "பொய்யூர்ல விசில் ஊதினா நாடகம் முடிஞ்சுது. நடிக்கறவங்க மஞ்சள் தொப்பி போட்டுக்குவாங்க. தொப்பி இல்லாத தலையிலேருந்து வர்றது எல்லாம் வசனம். வெள்ளிக்கிழமை நீங்க இவங்களைக் கேட்டபோது தலையில தொப்பி இருந்துச்சா?"

ஃபெரிஸ் யோசித்தார். "இல்ல. மழைக்கு ஒதுங்கி உக்காந்திருந்தாங்க."

"மின்னல் சைரன்தான் ஊதினாங்க, விசில் ஊதல. இவங்களைப் பொறுத்தவரைக்கும் நாடகம் முடியவே இல்ல. 'என் தங்கச்சி மவன் ரிக்கி'ன்னு சொன்னாங்க. இவங்களுக்குத் தங்கச்சியும் கிடையாது, ரிக்கியும் கிடையாது. உங்ககிட்ட பேசினது மிசஸ் டால்பர்ட் இல்ல சார், ரிக்கியோட பெரியம்மா. போலீஸ்தான் கொண்டு வந்து வச்சுதுன்னு எந்தக் கடத்தல்காரன் வீட்டுல சொல்ல மாட்டாங்க?"

"ஐயா, உங்களை நான் முன்ன பின்ன பாத்ததே இல்ல," என்று மிசஸ் டால்பர்ட் குமுறினாள். "மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டு முறைப்பா வந்து நின்னீங்க. அடடா, இந்தத் தடவை கதையில மேலதிகாரி விசாரணையும் சேர்த்துட்டாங்க போலன்னு எனக்கு ஒரே உற்சாகம். வெளுத்து வாங்கினேன். ஒரு பொண்ணு பிழைப்புல மண்ணைப் போடறேன்னு தெரிஞ்சா நாக்கைக் கடிச்சுத் துப்பியிருப்பேன்!"

ஃபெரிஸின் காது சிவந்தது. ஆனாலும் விடவில்லை. "சரி, சாட்சியம் போச்சு. ரெண்டாவது பொட்டலம் போகலையே. அது எங்கேருந்து வந்துச்சு?"

"நனைஞ்ச ஜாக்கெட்லேருந்து வரல சார். பிழிஞ்சா தண்ணி கொட்டற துணிக்குள்ள இருந்த காகிதம் மொறுமொறுன்னு இருக்காது. தூளுக்கு அடியில இருந்த பொட்டலம், மழைக்கு முன்னாலயே அங்க போயிருக்கு." அவள் லூதரிடம் திரும்பினாள். "ரெண்டாவது ரெய்டுக்கு முன்னால டிராயருக்கு அடியில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. காலி. அதான் புதுசா ஒட்டினேன்."

"முதல் ரெய்டுக்கும் ஒண்ணு ஒட்டினீங்களா?"

"ஒட்டாம? ரெய்டுக்கு ஒண்ணுன்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேனே!"

"முதல் ரெய்டு போனது எங்க அணி சார். எங்களுக்கு ஒண்ணும் கிடைக்கல. அது டிராயருக்கு அடியிலேயே இருந்துச்சு, ட்ரூடி அதைத்தான் எடுத்தான்னு நீங்க நினைச்சீங்க. லூதர், நாங்க எடுத்துட்டோம்னு நினைச்சாரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேக்கல. நாங்க எடுக்கல, இருந்த இடத்துலயும் இல்ல. அப்போ எங்க ரெய்டு நடக்கும்போதே அது டிராயர்லேருந்து டப்பாவுக்கு நகர்ந்திருக்கு."

"நான்தான் நகர்த்தினேன்," என்றாள் மிசஸ் டால்பர்ட். "அது என் வேலை ஆச்சே! இடம் கிடைச்சா மறைன்னுதானே சொல்லி வச்சிருக்காங்க. ஸ்பூன் எடுக்கற சாக்குல டிராயரைத் திறந்தேன், அடியில கையை விட்டு உருவினேன், டப்பாவுல அமுக்கிட்டுக் காபி கலக்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற மாதிரி!"

ட்ரூடி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நடீன் உட்கார்ந்துவிட்டாள்.

வெஸ்லிக்குக் காதுக்குள் ஏதோ இரைந்தது. ஸ்பூன். அந்த வார்த்தை விழுந்த மாத்திரத்தில், மூன்று நாளாக மண்டையைக் குடைந்த குழப்பம் எல்லாம் வடிந்து, அடியில் கிடந்தது தெரிந்தது. அது அவன்தான்.

ஃபெரிஸ் அப்போது வேறு திசையில் போய்விட்டிருந்தார். "ரெய்டு நடக்கும்போது சந்தேக நபர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கை எப்பவும் கண்ணுல படணும். அதுக்குன்னே ஒரு ஆள் காவல் நிக்கணும். உங்களை எழுந்திருக்க விட்டது யாரும்மா?"

மிசஸ் டால்பர்ட்டின் கண் வெஸ்லியின் பக்கம் வரப் பார்த்து, வராமல், கூரைக்குப் போனது. "வயசாயிடுச்சு ஐயா. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இருக்கீங்க. ஞாபகம் இல்ல."

"ப்ரூவர், நீங்க அந்த அணியில இருந்தீங்க."

"இருந்தேன் சார். கேட்டா சொல்லுவேன்," என்றாள் நடீன், யாரையும் பார்க்காமல். "கேக்கறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் குடுங்க."

வெள்ளிக்கிழமை காலை, காவல் நின்ற வெஸ்லியிடம் அந்த அம்மா, "கை நடுங்குதுப்பா, ஒரு வாய் காபி போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். அம்மா வயதில் ஒருத்தி கேட்கும்போது ஜார்ஜியாவில் வளர்ந்த பிள்ளை இல்லை என்பானா? "தாராளமா மேடம்" என்று நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தே விட்டான். அவள் நீட்டிய கோப்பையை வாங்கி ரசித்தும் குடித்தான். அது தப்பு என்றே அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றாததால் யாரிடமும் சொல்லவும் இல்லை. இப்போது சொன்னால் பெட்டியைக் கட்ட வேண்டியவன் அவன்.

எழுந்தான். "நான்தான் சார். எழுந்திருக்க விட்டதும் நான்தான், அந்தக் காபியை வாங்கிக் குடிச்சதும் நான்தான்."

லூதர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். ஃபெரிஸ் சிரிக்கவில்லை.

"ட்ரூடி வேகா, நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். கேக்கறேன். பெட்டியை அவிழ்த்து வைங்க." பிறகு வெஸ்லியிடம் திரும்பினார். "அடுத்தவங்க வாயிலேருந்து வந்திருந்தா இன்னிக்கே உன் பெட்டி வாசல்ல இருந்திருக்கும். உன் வாயால சொன்ன. அடுத்த வகுப்போட சேர்ந்து முதல்லேருந்து ஆரம்பி. போ."

"சரி சார்."

"ஒண்ணு கேளு. டப்பாவுல இருந்தது மைதா மாவுப் பொட்டலம். நிஜ வீடா இருந்து, அவங்க டிராயர்லேருந்து எடுத்தது துப்பாக்கியா இருந்திருந்தா?"

வெஸ்லி தன் நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே நடந்தான்.

நடைக்கு வந்ததும் ட்ரூடி அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். "மடப்பயலே! உன் மரியாதையால என் குடி முழுகப் பாத்துச்சேடா!" என்று திட்டினாள், பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டாள், பிறகு யாருக்கோ போன் பண்ண ஓடினாள். நடீனும் அவனும் மிஞ்சினார்கள்.

"டீச்சர், காபி நல்லா இருந்துச்சுன்னு நான் உளறினப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு, இல்லையா?"

"சந்தேகம் வந்துச்சு."

அவன் தயங்கினான். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தான்.

"அவங்க டிராயரைத் திறந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"படுக்கை ரூம்ல," என்றாள் நடீன். "கட்டிலுக்கு அடியில குனிஞ்சு தேடிக்கிட்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்துச்சு. பின்பக்கம் காவலுக்கு நீ இருக்கேங்கற நம்பிக்கையில நான் திரும்பியே பாக்கல."